வெளியேறிய நேரம்

ஜுபைலில் என் வேலைக்குப் பெயர் ஹோல் வாட்ச்.
ஓட்டைக்குக் காவல்.
டேங்கின் அடிவயிற்றில் ஆள் நுழைகிற வட்டம்,
பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு விசில், ஒரு ரிஜிஸ்டர்.
யார் உள்ளே போனது, எத்தனை மணிக்கு;
யார் வெளியே வந்தது, எத்தனை மணிக்கு.

வில்லாயுதம். உள்ளே 7.10, வெளியே 9.25.
வில்லாயுதம். உள்ளே 9.50, வெளியே 12.05.
கையெழுத்து 'வில்லா'வோடு நின்றுவிடும்.
கையுறைக்குள் ஆயுதம் அடங்காது.

ஆளுக்கு முன்னால் மீட்டரை இறக்குவார்கள்.
நான்கு எண்கள். நான்கும் பச்சை.
ஐந்தாவதாக ஏதாவது இருக்கிறதா என்று
அதைக் கேட்டுப் பயனில்லை,
அதற்குத் தெரிந்ததே நான்குதான்.

ஐந்தாவதற்கு வாசம் உண்டு.
நாற்றம் என்றால் ஓடியிருப்போம்.
இது இனிப்பு.
பெட்ரோல் பங்கில் பிள்ளைகள் மூக்கை விரித்து இழுக்குமே,
அதற்கு அண்ணன்.
"பலாச்சுளை கணக்கா இருக்கு மாப்ள" என்பான்
முகமூடியைக் கழற்றி
கார்ட்ரிட்ஜைத் தொடையில் தட்டிக்கொண்டே.
ஒரு ஷிஃப்டுக்கு ஒன்று மாற்றச் சொல்லி
சுவர் மூன்று மொழியில் பேசியது.
ஸ்டோர் ஒரே மொழியில்: இல்லை.

மதியம் ஆளுக்கொரு லபன்.
விஷத்தை மோர் முறிக்கும் என்று
எவன் சொன்னானோ,
கம்பெனி அதில் மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

மூன்றாவது ஷட்டவுனில்
பல் தேய்த்தால் ரத்தம்.
எங்கும் இடிக்காமலே முழங்கையில்
நாவற்பழ நிறத்தில் ஒரு தடம்.
காய்ச்சல் வந்தது, போகவில்லை.

தம்மாம் ஆஸ்பத்திரிக்கு
மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.
டாக்டர் எகிப்துக்காரர், தன்மையான மனுஷன்.
கணினியைப் பார்த்தே கேட்டார்.
சிகரெட்? இல்லை.
குடி? இங்கேயா, டாக்டர்?
குடும்பத்தில் யாருக்காவது?
அப்பா பாம்பு கடித்துப் போனவர்.
பூச்சிமருந்து?
ஊரில், பருத்திக்கு, இரண்டு வருஷம் அடித்திருக்கிறான்.
வேலை?
கிளீனர்.
தட்டினார்.
துடைப்பம் என்று எடுத்துக்கொண்டது கணினி.
டேங்க் கிளீனர், என்றேன்.
விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.
"இருக்கலாம்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
"சொல்ல முடியாது" என்றார்.
இரண்டும் பொய்யில்லை,
முகத்தில் தெரிந்தது.

ஏனென்றால் கிம் பகதூர் இருக்கிறான்.
அதே டேங்க், அதே மணிகள், மேலே தினம் இரண்டு பாக்கெட்.
நேற்றுகூட வாலிபாலில் எங்களை ஓட ஓட அடித்தான்.
ஷொஃபிகுல் எப்படி இருக்கிறான் என்று தெரியாது.
காண்ட்ராக்ட் முடிந்து போனவனின் நம்பர்
இப்போது உபயோகத்தில் இல்லை.
கம்பெனிக்குக் கிம் பகதூர் ஒருவன் போதும்.

அன்று ராத்திரி கேம்ப்பில்
ஓவர்டைம் தகராறுக்காக எடுத்துவைத்த
கார்பன் நகல்களை விரித்துக் கூட்டினேன்.
மூன்று ஷட்டவுன், ஒரே பெயர்:
அறுநூற்றுப் பதினெட்டு மணி, நாற்பது நிமிடம்.
தப்போ என்று மறுபடி கூட்டினேன்.
அதேதான்.
இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மதுரைக்குச் சக்கர நாற்காலியில் அனுப்பினார்கள்.
கண்ணாடிக் கதவு மூடியதும், பழக்கதோஷம்,
வாட்ச்சைப் பார்த்தேன்.
2.35.

என் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது.
நான் உள்ளே போனவனில்லை.
ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து
டேங்க் விட்ட மூச்சை
இழுத்துக்கொண்டிருந்தவன்.

நாலு நாளாக
'குறிப்பு' என்று காலியாகக் கிடக்கும் பத்தியில்
தமிழில் எழுதுகிறேன்.
இனிப்பு வாசம், 8.15.
இனிப்பு வாசம், 10.40.
இது என்ன என்று கேட்டார் சூபர்வைசர்.
சாமி பேர், என்றேன்.
தலையாட்டிவிட்டு
கீழே கையெழுத்துப் போட்டார்,
தேதியோடு.